அஃபிஷியல் மட்டும் என்றொரு மூடநம்பிக்கை

"அஃபிஷியல் புக்ஸ் ஒன்லி. நோ தேர்ட் பார்ட்டி." சென்னையிலோ பெங்களூரிலோ புதிதாக ஒரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் குழு தொடங்கினால், வாட்ஸப்பில் வரும் முதல் அறிவிப்பின் மூன்றாவது வரி பெரும்பாலும் இதுதான். முதல் வரி நேரம், இரண்டாவது வரி இடம். நேரத்தைப் பேசி மாற்றலாம், இடத்தையும் மாற்றலாம். மூன்றாவது வரியைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வருவது போல, அதுபாட்டுக்கு நடக்கிறது.

ஆடிப் பழகாதவர்களுக்கு இரண்டு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதை நடத்துவார், அவர் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், உடைகிறதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். விதிகள் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற நிறுவனத்தின் புத்தகங்களில் இருக்கின்றன. அந்த நிறுவனம் பொம்மைகள் விற்கும் ஹாஸ்ப்ரோவுக்குச் சொந்தம். அந்த விதிகளோடு சேர்த்து ஆட, வெளியார் எழுதும் துணைநூல்கள்தான் தேர்ட் பார்ட்டி சப்ளிமென்ட். புதிய ஊர், புதிய பூதம், புதிய மந்திரம், எதுவாகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றைத்தான் அந்த மூன்றாவது வரி மொத்தமாக வாசலிலேயே நிறுத்துகிறது.

நானும் அப்படி ஒன்று எழுதினேன். பன்னிரண்டு பக்கம். களம், எங்கள் ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்தின் வடகரை, அரியலூர் மாவட்டம். எங்கள் பக்கத்து மண்ணைத் தோண்டினால் கடல் வரும். தண்ணீர் இல்லை, பழைய கடல். கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அது விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்றைக்கு சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. சுருள்சுருளான அம்மோனைட் கிளிஞ்சல்கள் கல்லாகிக் கிடக்கின்றன. செந்துறைப் பக்கம் 2009இல் டைனோசர் முட்டைகள் கொத்துக்கொத்தாகக் கிடைத்தன. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் ஒரு மரம் முழுசாகக் கல்லாகிப் படுத்திருக்கிறது. இதே மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம்: கோயில் நிற்கிறது, அரண்மனை மண்மேடு. ஒரு டிஎம்முக்கு இதைவிட என்ன வேண்டும்? சுரங்கத்தில் ஆள் காணாமல் போகிறார்கள், வெட்டிய குழியில் உப்புத் தண்ணீர் ஊறுகிறது, கடல் திரும்பி வரப் பார்க்கிறது. இதுதான் என் பன்னிரண்டு பக்கம்.

குழுவில் அனுப்பினேன். டிஎம் நண்பன் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டான்: "மச்சி, ஐடியா செமையா இருக்குடா. ஆனா அஃபிஷியல் இல்லையே."

நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. நன்றாக இல்லாததைத் தள்ளுவது வாசகரின் உரிமை. அவன் ஃபைலைத் திறக்கவே இல்லை. நிராகரித்தது நூலை அல்ல, முத்திரை இல்லாத அட்டையை. இந்த வேறுபாட்டைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். படித்துவிட்டு "வேண்டாம்" என்பது ரசனை. படிக்காமலே "வேண்டாம்" என்பதற்கு ரசனை என்று பெயர் வைக்க முடியாது.

இந்த அஃபிஷியல் என்ற வஸ்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டி அண்ட் டியை வெளியிட்டது 1974இல். அதன் வேர், 1971இல் வந்த செயின்மெயில் என்ற பொம்மைப்போர் விதிநூல். அதுவும் இடைக்காலப் போருக்கான விதிகள்தான். டிராகனும் மந்திரவாதியும் அதன் கடைசியில் சேர்த்த பின்னிணைப்பு. ஆக, இந்த விளையாட்டே ஒரு பின்னிணைப்பிலிருந்து முளைத்தது. அந்த 1974 பெட்டியில் ஆடத் தேவையான பொருட்களின் பட்டியல் ஒன்று உண்டு. காட்டுவழிப் பயணத்துக்கு அவுட்டோர் சர்வைவல் என்ற விளையாட்டின் பலகையை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அது அவலான் ஹில் என்ற வேறொரு கம்பெனியின் விளையாட்டு. முதல் அஃபிஷியல் புத்தகமே, "அடுத்த கடையில் போய் ஒன்று வாங்கி வா" என்கிறது!

அடுத்து, திருடன். இன்றைக்கு ரோக் என்கிறார்கள். பாதிப் பேர் முதன்முதலில் எடுக்கும் பாத்திரம் அதுதான். 1974 நூலில் திருடன் கிடையாது. கலிஃபோர்னியாவில் ஒரு பொம்மைக்கடையில் கூடி ஆடிய கூட்டம் தங்களுக்காகச் செய்துகொண்ட வகை அது. தொலைபேசியில் விஷயம் கைகாக்ஸுக்குப் போனது, அவர் அதைத் தன் போக்கில் எழுதி 1975இல் வந்த கிரேஹாக் துணைநூலில் சேர்த்தார். கடைப்பையன்களின் வீட்டுவிதி ஒரே வருடத்தில் வேதமாகிவிட்டது. "அஃபிஷியல் ஒன்லி" என்று சொல்லிக்கொண்டே ரோக் ஆடுகிற நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

1976இல் ஜட்ஜஸ் கில்ட் என்ற சின்ன நிறுவனம் அனுமதி வாங்கி, ஒரு முழு நகரத்தையே வரைபடமும் கடைகளும் ஆட்களுமாக விற்றது. டிஎம் எல்லாவற்றையும் தானே கற்பனை செய்துகொள்வார், யாராவது ரெடிமேட் ஊரைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று மூலக் கம்பெனிக்குச் சந்தேகம். வாங்கினார்கள். இன்றைக்கு விசார்ட்ஸே விற்கும் நகர நூல்களும் சாகசத் தொகுப்புகளும் அந்தச் சந்தையில் முளைத்தவைதான்.

இப்போது ராட்சசனுக்கு வருவோம். நம்ம ஊர்ச் சரக்கு அஃபிஷியலாகப் போய் என்ன ஆனது என்று பார்க்க வேண்டுமல்லவா. 1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசன் உண்டு. படத்தில் புலித்தலை, கோட்டு, கையில் புகைக்குழாய். அவனைக் கொல்ல ஒரு வழி, மந்திரித்த குறுக்குவில் அம்பு. எந்த ராமாயணத்தில் இருக்கிறது? எதிலும் இல்லை. 1974 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த கோல்சாக் என்ற திகில் தொடரின் ஒரு பகுதியில் ராட்சசன் வருகிறான். மந்திரித்த அம்பால் சாகிறான். அங்கிருந்து நேராகப் புத்தகத்துக்கு. 2014 பதிப்பிலும் அந்த அம்பின் நிழல் தொடர்கிறது: நல்லவர் கையிலுள்ள மந்திர ஆயுதம் குத்தினால் ராட்சசனுக்கு இரட்டிப்புச் சேதம். கும்பகருணனைப் படித்து வளர்ந்த பிள்ளைகள், ஒரு டிவி எபிசோடின் ராட்சசனை அஃபிஷியல் என்று பயபக்தியோடு ஆடுகிறோம். ராவணனின் தம்பியை ஒழுங்காக எழுதி ஒருவன் கொண்டுவந்தால் அது ஹோம்ப்ரூ, தள்ளு!

1980இல் வந்த தெய்வங்களின் தொகுதியில் இந்திரனுக்கும் காளிக்கும் எமனுக்கும் ஹிட் பாயின்ட் போட்டு வைத்தார்கள், எத்தனை அடி அடித்தால் எமன் சாவான் என்று கணக்கு. சிரித்துவிட்டுப் போகலாம், எனக்குப் பெரிய வருத்தமில்லை. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: 2022இல் விசார்ட்ஸ் வெளியிட்ட ரேடியன்ட் சிட்டாடல் தொகுப்பில் வங்க எழுத்தாளர் மிமி மண்டல் எழுதிய சாகசம் ஒன்று இருக்கிறது. மணிவர்ஷா என்ற நிலம். ஆற்றையும் வெள்ளத்தையும் தெரிந்த கை எழுதியது என்று படித்தவுடன் தெரியும். ஆனால் 1974இலிருந்து கணக்குப் போடுங்கள். 48 வருடம். கொள்ளிடத்துக்கு முறை வரும்வரை காத்திருக்க எனக்கு ஆயுசு போதாது.

தரம், தரம் என்பார்கள். அஃபிஷியல் என்றால் சோதித்துப் பார்த்திருப்பார்கள், வெளியார் நூலில் பேலன்ஸ் இருக்காது. இதுதான் அவர்களின் பெரிய ஆயுதம். 2014இல் ஐந்தாம் பதிப்பின் முதல் பெரிய சாகசமாக வந்தது ஹோர்ட் ஆஃப் த டிராகன் குயின். விசார்ட்ஸின் முத்திரையோடு வந்தது. எழுதிக் கொடுத்தது? கோபோல்ட் பிரஸ் என்ற வெளி நிறுவனம். அந்தப் பதிப்பின் பலவீனமான நூல்களில் ஒன்றாகத்தான் ஆடியவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். அதே கோபோல்ட் பிரஸ் 2016இல் சொந்தப் பெயரில் வெளியிட்ட டோம் ஆஃப் பீஸ்ட்ஸ், பூதங்களுக்கு நான் முதலில் புரட்டும் புத்தகம். ஒரே கை. முத்திரை இருந்தபோது சுமார், இல்லாதபோது பிரமாதம். 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் வந்த ரேஞ்சர் எவ்வளவு நோஞ்சான் என்று எல்லோருக்கும் தெரியும். நிறுவனமே அதற்கு மாற்று விதிகள் எழுதி 2020இல் வெளியிட வேண்டியதாயிற்று. அந்த 2020 நூலிலேயே வந்த ட்விலைட் கிளெரிக் எதிர்த்திசையில் அத்துமீறல், ஒரே ஆள் மொத்தக் குழுவையும் தூக்கிச் சுமப்பார். சோதிக்கும் கூடம் இருந்தும் இப்படித்தான். மேசையில் பேலன்ஸைச் சரிபார்க்கும் ஆள் டிஎம்தான். அந்த வேலையை ரென்டனில் உள்ள ஓர் அலுவலகம் செய்து முடித்துவிட்டது என்று நினைப்பது வசதியான சோம்பல், அவ்வளவுதான்.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது எங்கள் தொழிலை நினைத்து. மேற்படி குழுவில் ஆறு பேர், ஆறு பேரும் சாஃப்ட்வேர். பகலில் ஒரு சாதாரண வெப் அப்ளிகேஷனுக்கு என்பிஎம் இன்ஸ்டால் அடித்தால் ஆயிரம் பேக்கேஜ் இறங்குகிறது. யார் எழுதியது, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. 2016இல் ஒருவர் பதினொரு வரி நிரல் ஒன்றைத் திரும்பப் பெற்றதும் உலகம் முழுக்க பில்ட்கள் உடைந்தன. வங்கியின் பணத்தையே இந்த வெளியார் நிரல்களை நம்பி நகர்த்துகிறவர்கள், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கற்பனைப் பூதத்தை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

2023 ஜனவரியை இவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 2000இல் விசார்ட்ஸே ஓப்பன் கேம் லைசென்ஸ் என்று ஒன்றைக் கொடுத்தது: எங்கள் விதிகளின் சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நூல் எழுதுங்கள், விற்றுக்கொள்ளுங்கள். அதை நம்பித்தான் இருபது வருடமாக ஒரு தொழிலே வளர்ந்தது. 2023 தொடக்கத்தில் அந்தப் பழைய உரிமத்தை ரத்து செய்யும் புதிய வரைவு வெளியில் கசிந்தது. வருடத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் பார்த்தால், மேற்கொண்டு வரும் தொகையில் 25 சதவீதம் வரை கப்பம். லாபத்தில் அல்ல, வரவில். ஆடுகிறவர்கள் கொதித்தார்கள், இணையச் சந்தாவை ரத்து செய்தார்கள். நிறுவனம் கருத்துக் கேட்டபோது 15,000 பேருக்கு மேல் எழுதினார்கள். ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமம் இருக்கும் என்றது. கூடவே, அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. அதைத் திரும்பப் பெறவே முடியாது. பெயர் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம்.

அந்த மாதம் நம் குழுக்களிலும் ஆவேசமான ஸ்டேட்டஸ்கள் போட்டார்கள். "தேர்ட் பார்ட்டி கிரியேட்டர்ஸுடன் நிற்கிறோம்!" நின்றார்கள், சரி. அவர்களின் புத்தகத்தை மேசைக்கு எடுத்துவரலாமா என்று கேட்டுப் பாருங்கள், அதே மூன்றாவது வரி. ஊர்வலத்துக்கு வருவோம், வீட்டுக்குள் விட மாட்டோம்.

ஏலாக்குறிச்சிக்காரனாக எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் அடைக்கல மாதா கோயிலுக்கு வருவார்கள். அந்தக் கோயிலோடு பிரிக்க முடியாத பெயர் வீரமாமுனிவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1680இல் இத்தாலியில் பிறந்தவர், இயேசு சபைக்காரர். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு ஒரு கலம்பகமும் பாடினார். மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அந்த நோக்கத்தோடு வாதாட நிறைய இருக்கிறது. எனக்கு இங்கே வேண்டியது அவர் தமிழை எப்படி எடுத்து ஆடினார் என்பது.

தேம்பாவணியைப் பாருங்கள். 3615 பாடல். நாட்டுப்படலம், நகரப்படலம் என்று காப்பிய விதி எதையும் விடவில்லை, விருத்தங்களில் கம்பனின் தடம். ஆனால் பாட்டுடைத் தலைவர் யேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர். யூதேயா நாட்டில் நம் வயலும் வாய்க்காலும் வருகின்றன. டிஎம் மொழியில் சொன்னால், சிஸ்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு செட்டிங்கை முழுக்க மாற்றிவிட்டார். விருத்தம் யாருக்கும் காப்புரிமை இல்லாத பொது விதித்தொகுப்பு. அதை எடுக்க அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இன்று அது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இருக்கிறது. தொன்னூல் விளக்கம் என்று ஐந்திலக்கணமும் எழுதினார். 1732இல் சதுரகராதி. எல்லாம் வெளியார் எழுதிய துணைநூல்கள்தான்.

அதோடு விடவில்லை, விதியிலேயே கை வைத்தார். பழைய எழுத்து முறையில் எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி, நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், ஆகவே புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து இதைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்று இலக்கிய வரலாறுகள் சொல்கின்றன. ஏகாரத்தின் வால், ஓகாரத்தின் சுழி, இரட்டைச் சுழிக் கொம்பு. ஏலாக்குறிச்சி என்று எழுதும்போது வருகிற முதல் எழுத்து, அந்த ஊரில் வாழ்ந்த ஒரு வெளியாரின் வீட்டுவிதி. "தொல்காப்பியத்தில் இல்லையே, அஃபிஷியல் இல்லையே" என்று அன்றைக்கு எல்லோரும் சொல்லியிருந்தால், என் ஊர்ப் பெயரை இன்றும் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டியிருக்கும்.

தமிழில் இதற்கு வகையே வகுத்து வைத்திருக்கிறார்கள். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறது நன்னூல். முன்னோர் நூலோடு சில இடத்தில் ஒத்து, சில இடத்தில் வேறுபட்டு நிற்பது சார்புநூல். இழிவாகச் சொல்லவில்லை, நூல்வகையில் ஒன்று என்றுதான் சொல்கிறது. தேர்ட் பார்ட்டி என்ற ஏதோ வக்கீல் நோட்டீஸ் வார்த்தையைவிட இந்தச் சொல் எவ்வளவு மரியாதையானது! வால்மீகியில் இல்லாத இரணியன் வதையை ஒரு படலமாகவே கம்பர் எழுதிச் சேர்த்தார். அதை நீக்கிவிட்டு ராமாயணம் படிப்போம் என்று யாராவது வாட்ஸப்பில் விதி போடுங்கள் பார்ப்போம்.

"அப்படியானால் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாமா?" சேர்க்கக் கூடாததும் உண்டு, அதற்கும் கம்பனிடமே உதாரணம் இருக்கிறது. வெள்ளிப்பாடல்கள். வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் தாம் எழுதிய பாடல்களைக் கம்பராமாயணத்துக்குள் செருகிவிட்டார் என்று சொல்வார்கள். அதனால் இடைச்செருகலுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. டி.கே.சி. இடைச்செருகல் என்று ஒதுக்கித்தள்ளிய பாடல்களுக்குக் கணக்கில்லை, அவர் ஒரு கறாரான டிஎம். தம்பிரானின் குற்றம் வெளியாராக இருந்ததில் இல்லை. தன் பெயரை மறைத்ததில் இருக்கிறது. வீரமாமுனிவர் தனி நூல் எழுதினார், இவர் அடுத்தவர் நூலுக்குள் ஒளிந்துகொண்டார். இன்றைக்கு எந்திரத்தில் அரைத்து, வேறொருவரின் பூதத்தைப் பெயர் மாற்றி இரண்டு டாலருக்கு விற்கிற பிடிஎஃப்கள் நிறையக் கிடைக்கின்றன. அவை வெள்ளிப்பாடல்கள். தாராளமாகத் தள்ளுங்கள். தள்ள, முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

திறந்து பார்க்க நேரமில்லை என்ற டிஎம்மின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. வேலை முடிந்து வந்து, ஐந்து பேருக்குக் கதை தயார் செய்து, நடுவில் ஒருவன் இருநூறு பக்கத்தை நீட்டினால் கடுப்பாகும்தான். அதற்கு வழி எளிது: கொண்டுவருகிறவன் இரண்டு பக்கத்தைக் காட்டட்டும், இரண்டு வாரம் ஆடிப் பார்ப்போம், சரிவராவிட்டால் எடுத்துவிடுவோம். பிரான்சிஸ்கோ என்றோ பெங்களூர் என்றோ இல்லை, நல்ல மேசைகளில் நடப்பது இதுதான்.

காசைப் பற்றியும் பேசிவிடுகிறேன். 2024 பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 50 டாலர். டிஎம் நூல், பூத நூல் சேர்த்தால் 150. நம் கணக்கில் பன்னிரண்டாயிரம் ரூபாய் தாண்டும். கார்டைத் தேய்க்கிற எங்களுக்கு அது ஒரு வார இறுதிச் செலவு. திருமானூரில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பெண்ணுக்கு? அவளுக்கு எஸ்ஆர்டி இலவசம், யாராவது இலவசமாகவோ நூறு ரூபாய்க்கோ தரும் துணைநூல் எட்டும் தூரம். "அஃபிஷியல் ஒன்லி" என்கிறபோது அவளை வெளியே நிறுத்துகிறீர்கள், பெயர் சொல்லாமல். போதாததற்கு அவள் ஆட்டம் முழுவதையும் ஆங்கிலத்தில் ஆட வேண்டும், பார்த்தே இராத பைன் காட்டில் நடக்க வேண்டும், ஏல் குடிக்க வேண்டும்.

எஸ்ஆர்டி 5.1ஐ விசார்ட்ஸ் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளிலும் வெளியிட்டது. தமிழில் வெளியிடப் போவதில்லை, வெளியிட வேண்டியதும் இல்லை, ஏனென்றால் உரிமம் நம் கையில் இருக்கிறது. உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியதுதான். பெயரைக் குறிப்பிட்டால் வக்கீல் யாரும் வரமாட்டார். நான் மந்திரப் பட்டியலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஃபயர்பாலுக்கு "தீயுருண்டை" பரவாயில்லை. ஹிட் பாயின்டுக்கு "உயிர்ப்புள்ளி" சுமார். சேவிங் த்ரோவுக்கு "தப்புருட்டல்" என்று வைத்திருக்கிறேன், தப்பிப்பதற்கான உருட்டல் என்ற பொருளில். தப்பாக உருட்டுவது என்றும் கேட்கிறது, நண்பர்கள் சிரிக்கிறார்கள். நல்ல சொல் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள். ஏலாக்குறிச்சி பன்னிரண்டு பக்கத்தையும் அதே உரிமத்தில் விடுகிறேன். சுரங்கத்தை நெய்வேலிக்கோ பனந்தோப்பை யாழ்ப்பாணத்துக்கோ மாற்றிக்கொள்ளலாம். எழுதியவர் இடத்தில் என் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் போட்டுவிடுங்கள்.